கேப்டன் முருகேசன் தளத்தில் தனியாக நிற்கவில்லை

நண்பர்களே, மூச்சை இழுத்துப் பிடித்து ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன்: நம் கூலிப்படை விளையாட்டில் கேப்டன் முருகேசனாக ஐந்து வருடம் மேசைக்கு வந்து உட்கார்ந்த போபோடி சாதிக் பாய் போன வியாழக்கிழமை மதியம் இறந்துபோனார், அதற்கு அடுத்த நாள் நான் இந்தச் சேனலில் எழுதிப் போட்ட கேப்டனின் வீர மரணம் தப்பு, அதை நான் திரும்பப் பெறுகிறேன், அதற்கு உங்கள் உதவி எனக்கு வேண்டும்!

இந்தப் பதிவின் கடைசி ஆச்சரியக்குறி அதுதான். என்னைப் படித்துப் பழகியவர்களுக்குத் தெரியும், நான் வரிக்கு நாலு போடுகிறவள். ஆறு நாளாக அதை அழுத்த விரலில் தெம்பு இல்லை.

வியாழக்கிழமை புனே விமான் நகரில் வேலையில் இருந்தேன். விமானத்தில் பெட்டியைத் தொலைத்தவர்களுக்குப் போனில் பதில் சொல்கிற வேலை. பீட்டர் மூன்று முறை அழைத்திருந்தான். எங்கள் படையில் அவன் பீரங்கிக்காரன். வெளியே, போபோடியில் லாரி மெக்கானிக். சாதிக் பாயின் லாரிகள் அவனிடம்தான் வரும். எழுந்து வராண்டாவுக்குப் போய்த் திரும்பக் கூப்பிட்டேன்.

“சோலாப்பூர் ரோட்ல பாயோட லாரி ஒண்ணு நின்னுபோச்சுல்ல,” என்றான்.

“ஆமா, குரூப்ல சொன்னாரே. ஆக்ஸில் போச்சுன்னு. சரியாயிடுச்சா?”

“சரியாயிடுச்சு. லாரி நல்லாத்தான் இருக்கு காவ்யா.”

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். பாய் தன் பழைய காரை எடுத்துக்கொண்டு தனியாகப் போயிருக்கிறார். அங்கேயே ஆள் பிடித்து வேலையை ஆரம்பித்துவிட்டு, “நான் கார்ல கொஞ்சம் சாஞ்சுக்கறேன்” என்று டிரைவரிடம் சொல்லியிருக்கிறார். டிரைவர் டீ வாங்கிவந்து கண்ணாடியைத் தட்டியபோது எல்லாம் முடிந்திருந்தது. மாரடைப்பு. முப்பத்தொன்பது வயது. பக்கத்தில் யாரும் இல்லை.

நான் திரும்பப் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நாக்பூர்காரர் ஒருவரின் நீலப் பெட்டியைப் பற்றிப் பேசினேன். பெட்டி கிடைத்துவிட்டது.

இந்தச் சேனலுக்குப் புதிதாக வந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நாங்கள் விளையாடுவது மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசி விளையாடுகிற விளையாட்டு. ஒருவர் உலகத்தைச் சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரமாக, தான் என்ன செய்கிறேன் என்று சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்ற சந்தேகம் வந்தால் பகடை முடிவு செய்யும். எங்கள் உலகம் நானே கட்டியது: சூரியன் விட்டுச் சூரியன் போய்க் கூலிக்குச் சண்டை போடும் ஒரு படை. நடத்துகிறவள் நான், நடந்ததைத் திங்கட்கிழமை எழுதிப் போடுகிறவளும் நான். யாரிடமும் போய்க் கற்கவில்லை, போனில் பார்த்துப் பார்த்துக் கற்றேன். தமிழ் எழுதக் கற்றதும் அப்படித்தான். பள்ளியில் எனக்கு மராத்தியும் இங்கிலீஷும்தான். என் வாக்கியங்களைத் திருத்தித் தருகிறவர் சாங்வியில் இருக்கும் மோகன் அண்ணா. தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டர், எங்கள் படையில் டாக்டர்.

சாதிக் பாயை நாங்கள் சேர்க்கவில்லை. அவர் இடத்துக்குள் நாங்கள்தான் போய் விழுந்தோம். ஒரு மழைக்காலத்தில் பீட்டர் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட, ஞாயிற்றுக்கிழமை விளையாட இடம் இல்லை. பீட்டர் கேட்டதும் பாய் தன் லாரி புக்கிங் ஆபீஸைத் திறந்துவிட்டார். “ஷட்டரப் பாதி இறக்கிக்கங்க, இல்லன்னா லோடு கேட்டு எவனாவது வந்துடுவான்” என்று சொல்லிவிட்டு, மூலையில் தன் மேசையில் உட்கார்ந்து வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து நின்று, கையை வீசி, பாலைவனக் கிரகத்தில் இருபது வீரர்கள் இருநூறு பேரை எதிர்த்து இறங்குவதை விவரித்துக்கொண்டிருந்தேன்.

“அம்மா, ஒரு டவுட்டு,” என்றார் மூலையிலிருந்து. “இவங்க எப்படித் திரும்பி வருவாங்க?”

“ஜெயிச்சா எதிரியோட கப்பல் கிடைக்கும் பாய்.”

“ஜெயிக்கலன்னா?”

“செத்துடுவாங்க.”

“எறக்கிவிட்ட வண்டி?”

“அது போயிடுச்சு.”

பேனாவை மூடினார். “இவங்களப் போய்ப் படைங்கறியே. திரும்பி வர ரிட்டன் லோடு பாக்காம வண்டிய அனுப்புற ஆளு ஒரு மாசத்துல கடைய மூடிடுவான்மா. இருபது உசுர அனுப்புறவன் கேக்க மாட்டானா?”

எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்த இருபது பேரும் அன்று செத்துப்போனார்கள், நான் நினைத்தபடியே, மிக அழகாக. அடுத்த ஞாயிறு அவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு எங்கள் மேசைக்கு வந்துவிட்டார்.

பாத்திரத்துக்குப் பெயர் வைக்கச் சொன்னேன். என் உலகத்தில் எல்லாருக்கும் இரும்பில் செய்தது போலப் பெயர் இருந்தது. பீட்டருடைய ஆள் ட்ராக்ஸ், மோகன் அண்ணாவுடைய ஆள் டாக்டர் ஸீனோ. பாய் யோசிக்கவே இல்லை. “முருகேசன்” என்றார்.

“பாய், இது இன்னும் ஆயிரம் வருஷம் கழிச்சு நடக்குற கதை.”

“ஏன், அப்ப முருகேசன் இருக்க மாட்டானா? எங்க அத்தாவோட மொத டிரைவரு முருகேசன். இருபத்திரண்டு வருஷம் ஓட்டுனாரு, ஒரு தடவகூட வண்டிய ரோட்ல போட்டுட்டு வந்ததில்ல. அவரு இருந்தா நான் எந்த கிரகத்துக்கும் வருவேன்.”

கேப்டன் முருகேசன் அப்படித்தான் பிறந்தார். அவர் ஐந்து வருடத்தில் துப்பாக்கியால் சுட்டது இரண்டு முறை. இரண்டும் குறி தப்பியது.

உங்களில் பலருக்கு நினைவிருக்கும், மூன்று ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஓர் ஒப்பந்தத்தை மட்டுமே பேசினோம். சுரங்க நிலவு ஒன்றின் கவர்னர் தன் சுரங்கத்தைக் காக்க எங்களைக் கூப்பிட்டிருந்தார். எனக்குப் பீரங்கிகள் முழங்க வேண்டும். பாய்க்கு, கவர்னர் ஓடிப்போனால் யார் பொறுப்பு என்று தெரிய வேண்டும். சோறு யார் போடுவது, காயம்பட்டவனைத் தூக்கிப் போகும் கப்பல் யாருடையது, இரண்டு பக்கமும் நம்புகிற மூன்றாவது ஆள் யார், சரணடைந்தவனை என்ன செய்வது, எல்லாம் கேட்டார். கவர்னராக உட்கார்ந்து பதில் சொன்ன எனக்குத் தொண்டை கட்டிப்போனது.

“எதிரி வராம மூணு மாசம் சும்மா நின்னா?” என்றார்.

“சும்மா நிக்கிறதுக்கு என்ன பாய்?”

“லோடு எறக்காம லாரி நாலு நாளு குடோன் வாசல்ல நின்னா ஹால்டிங்னு நின்ன கூலி கேப்போம். மனுஷன் நின்னா கேக்கக் கூடாதா? நிக்கிறதும் வேலதான்மா. நின்னு பாரு, தெரியும்.”

மூன்றாவது ஞாயிறு நான் பகடையை மேசையில் எறிந்தேன். “பாய், இது சண்டை விளையாட்டு.”

“சண்டதான் போட்டுட்டு இருக்கோம். இதான் மொத சண்ட. இதுல தோத்துட்டு அங்க போய் ஜெயிச்சு என்ன பண்ண?”

அன்று அவர் கேட்டு வாங்கிய ஒரு வரி, எங்களைத் திருப்பி அழைத்துப்போகும் கப்பல் கவர்னர் பெயரில் இருக்கக் கூடாது, எங்கள் பெயரில் இருக்க வேண்டும் என்பது. ஆறு மாதம் கழித்துக் கவர்னர் குடும்பத்தோடு ஓடிப்போனார். ஓட வைத்ததும் நான்தான், எல்லாரும் மாட்டிக்கொள்ளட்டும் என்று. ஒருவரும் மாட்டவில்லை. நான் ஆசையோடு எழுதி வைத்திருந்த முற்றுகையை அப்படியே கிழித்துப் போட்டேன். அன்று மேசையில் பகடையே உருளவில்லை. ஆனால் கப்பலின் கதவு திறந்தபோது பீட்டர் அழுதான். தும்மல் என்று இன்றுவரை சாதிக்கிறான்.

எங்கள் வாட்ஸாப் குரூப்பின் பெயர் ‘கூலிப்படை’. இதனால் வந்த வினையையும் சொல்ல வேண்டும். ஒரு சனிக்கிழமை நான் அதில் எழுதினேன்: ‘நாளை மூணு மணி. ஷட்டர் பாதி மூடியிருக்கும். கவர்னரைத் தூக்குறோம். பீட்டர் வெடி கொண்டு வருவான்.’ அதை ஷமீமா பாபி, சாதிக் பாயின் மனைவி, பார்த்துவிட்டார். மறுநாள் மூன்றேகாலுக்கு ஷட்டர் படாரென்று மேலே போனது. பாபி நின்றார், பின்னால் அவருடைய அண்ணன், கையில் ஹெல்மெட். நாங்கள் நாலு பேர் வடாபாவ் தின்றுகொண்டிருந்தோம்.

“கவர்னர் எங்க?” என்றார் அண்ணன்.

நான் கையைத் தூக்கினேன். “நான்தாண்ணா.”

சாதிக் பாய் சிரித்த சிரிப்பில் நாற்காலி பின்னால் போய் அலமாரியில் இடித்தது. பாபி சிரிக்கவில்லை. பகடையை எடுத்துப் பார்த்தார், என் நோட்டைப் புரட்டினார். “வீட்ல ஒரு சிலிண்டர் நகத்தச் சொன்னா இடுப்பு வலிங்கறாரு. இங்க வந்து கிரகம் கிரகமாச் சுத்துறாரா?” என்று கேட்டுவிட்டு, மீதி இருந்த வடாபாவை அண்ணனுக்குக் கொடுத்து அழைத்துப் போனார். அதற்குப் பிறகு திங்கட்கிழமைதோறும் அவர் என் பதிவைப் படித்துவந்தார் என்பது எனக்குப் போன வாரம்தான் தெரிந்தது.

பாயிடம் நான் திட்டு வாங்கியது ஒரே ஒரு முறை. பீட்டரின் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்ததால் அவன் ஒரு ஞாயிறு வரவில்லை. ஆள் குறைந்தால் கதை தொய்யும் என்று நான் ட்ராக்ஸைக் கொன்றேன். பாலத்தில் நின்று, குண்டு விழுந்து, நெருப்பில். நல்ல பத்தி அது. பாய் அன்று லோடு விஷயமாகப் பாதியில் எழுந்து போயிருந்தார், அவருக்கும் தெரியாது. அடுத்த வாரம் பீட்டர் வந்தான். புதிதாக ஒரு செட் பகடை வாங்கி வந்திருந்தான். செய்தியைச் சொன்னேன். “பரவால்ல” என்று சொல்லிப் பகடையைச் சட்டைப் பையில் திரும்பப் போட்டுக்கொண்டான்.

பாய் குரலை உயர்த்தவில்லை. “அவன் இருந்திருந்தா குனிஞ்சிருப்பான்ல?” என்றார். “ஆளு இல்லாதப்ப ஆளக் கொல்றது என்ன வீரம்? சாகணும்னா அவன் வந்து, அவன் பகடைய உருட்டி, அவன் சாவட்டும்.”

“கதைக்கு வேணும்னு...”

“கதைக்கு வேணும்தான். அவனுக்கு வேணுமான்னு கேட்டியா?”

அன்று முதல் எங்கள் மேசையில் ஒரு விதி. வராதவருடைய பாத்திரம் டீசல் போடப் போயிருக்கும். அணுவில் ஓடுகிற கப்பலுக்கு எதற்கு டீசல் என்று மோகன் அண்ணா கேட்டார். “ஜெனரேட்டருக்கு” என்றார் பாய். ட்ராக்ஸ் அந்தப் பாலத்தில் இல்லை, டீசல் போடப் போயிருந்தான் என்று நான் பதிவைத் திருத்தினேன். மேசையில் நடக்காதது நடக்கவில்லை என்பது அதோடு சேர்ந்த விதி.

எனக்கு மிகவும் பிடித்த ஞாயிறு இன்னொன்று. எதிர்ப்பக்கமும் ஒரு கூலிப்படை, எங்களைப் போலவே. இரண்டு படைக்கும் நடுவே ஒரு பள்ளத்தாக்கு. கேப்டன் முருகேசன் வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டு, பிளாஸ்க்கில் டீயோடு நடந்தே போனார். பொறி என்று நினைத்து எதிரி சுடலாம் என்பதால் நான் ஒவ்வொரு அடிக்கும் பகடை உருட்டச் சொன்னேன். போய்ச் சேர்ந்தார். எதிர்க் கேப்டனாக நான் முறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

“உங்க பசங்க எத்தன பேரு?” என்றார்.

“சொல்ல மாட்டேன்.”

“சரி, சொல்லாத. உனக்கும் எனக்கும் ஒருத்தர் மேல ஒருத்தருக்குக் கோவம் இல்ல. நீயும் கூலிக்கு வந்திருக்க, நானும் கூலிக்கு வந்திருக்கேன். காட்ல டயர் வெடிச்சு நிக்கிறப்ப எதிர்க் கம்பெனி லாரிதான் ஜாக்கி குடுத்துச்சு எனக்கு. டாக்டருங்கள சுட வேணாம். வாரத்துக்கு ஒரு நாள் காயம்பட்டவங்கள மாத்திக்கலாம். மத்தபடி சண்ட போடு, வேணாங்கல. நாளைக்கு நாம ரெண்டு பேரும் ஒரே எடத்துல வேல கேட்டு நிக்கணும், அந்த மூஞ்சிய மிச்சம் வெச்சுக்க.”

அதுவரை எதிரி என்றால் எனக்கு ஓர் எண். அன்றுதான் முதல் தடவை ஓர் எதிரிக்கு முழங்கால் வலியும், ஊரில் ஒரு தங்கச்சியும் எழுதினேன்.

இந்த ஒரு வருடமாகப் பாய் ரொம்பக் களைத்துப்போயிருந்தார். டிரைவர்கள் கிடைக்கவில்லை. அவரே அங்கும் இங்கும் ஓடினார். ஞாயிறு மேசையில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். “தூங்கிட்டீங்களா பாய்?” என்றால், “கேட்டுட்டுத்தான் இருக்கேன், நீ சொல்லு” என்பார். ஒரு நாள் கேட்டேன், வீட்டில் படுக்கலாமே, எதற்கு வருகிறீர்கள் என்று. “ஆறு நாளு எல்லாருக்கும் நான் பதில் சொல்றேன். இங்க வந்தா பகட சொல்லுது. பெரிய நிம்மதிம்மா அது.” நான் அதைச் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு அடுத்த காட்சிக்குப் போனேன். களைப்பைக் களைப்பு என்று பார்க்க எனக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அடக்கம். மதியம் வீட்டுக்கு வந்து போனை எடுத்தேன். அதற்கு முந்தின ஞாயிறு எங்கள் ஆட்டம் நின்ற இடம் உங்களுக்குத் தெரியும். வேலை முடிந்து, படை முழுவதும் இறங்குதளத்தில் கப்பலுக்குக் காத்திருக்கிறது, பின்னால் எதிரி வருகிறான். அங்கிருந்து நான் எழுதினேன். எல்லாரும் ஏறுகிறார்கள். கேப்டன் முருகேசன் மட்டும் தளத்தில் நிற்கிறார், ஒற்றை ஆளாக எதிரியைத் தடுக்கிறார். கப்பல் மேலே எழும்போது கீழே ஒரு வெளிச்சம். எழுதும்போது அழுதேன், நன்றாக எழுதினேன் என்றும் நினைத்தேன். படையில் நாற்பது பேர். அதில் முப்பத்தேழு சிப்பாய்கள் நீங்கள், இந்தச் சேனலில் பெயர் கொடுத்துச் சேர்ந்தவர்கள். உங்கள் எல்லாரையும் அவரை விட்டுவிட்டு ஓட வைத்தேன். நீங்களும் அழுதீர்கள். படம் வரைந்தீர்கள். தளத்தில் தனியாக நிற்கிற கேப்டனின் படம் எனக்கே எட்டுப் பேரிடமிருந்து வந்தது.

மாலையில் மோகன் அண்ணா கூப்பிட்டார். வழக்கமாக ஒற்றுப்பிழை சொல்லக் கூப்பிடுவார்.

“என்ன எழுதி வெச்சிருக்க காவ்யா?”

“அஞ்சலிண்ணா.”

“போன ஞாயிறு அவரு போட்ட பிளான் மறந்துபோச்சா? பத்துப் பத்துப் பேரா ஏறணும், கடைசியா ஏறுறது ஒரு ஆளா இருக்கக் கூடாது, நாலு பேரா இருக்கணும்னு சொன்னாரா இல்லையா? ஏன்னு நீதான் கேட்ட.”

சொல்லியிருந்தார். ஒருத்தன் விழுந்தால் தூக்க இரண்டு பேர், பின்னால் பார்க்க ஒருத்தன் என்று கணக்குச் சொல்லியிருந்தார்.

“தனியா நின்னு சாகுறது அவருக்கு வீரம் இல்லம்மா. பிளான் போடத் தெரியாதவன் செத்த மாதிரி எழுதிருக்க,” என்றார் மோகன் அண்ணா. பிறகு குரல் இறங்கிச் சொன்னார், “அவரு இல்லாதப்ப.”

நான் அப்போதும் பதிவை அழிக்கவில்லை. அதற்குக் கீழே நீங்கள் எழுதியிருந்ததெல்லாம் எனக்கு வேண்டியிருந்தது. ஆறுதலாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பாபியைப் பார்க்கப் போனேன். பெண்கள் உட்கார்ந்திருந்த அறையில் ஓரமாக உட்கார்ந்தேன். பாபி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஒவ்வொரு திங்கக்கெழமையும் அவருக்கு டிபன் வெச்சுட்டு நீ எழுதுனத நான் படிப்பேன். ‘எப்படி எழுதிருக்கா?’ன்னு கேப்பாரு. ‘உங்களப் பத்தி நல்லாத்தான் எழுதிருக்கா, நேர்ல பாத்தா யாரு நம்புவா?’ன்னு சொல்லுவேன்.” பிறகு கேட்டார், “வெள்ளிக்கெழமை எழுதுனதும் படிச்சேன். எல்லாரும் ஏறிட்டாங்க. அவர்கூட ஒருத்தருமே நிக்கலையா காவ்யா? அங்கயும் ஒத்தையிலதானா?”

குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். தொலைந்த பெட்டிக்குப் பதில் சொல்லத் தெரிந்த எனக்கு அதற்குத் தெரியவில்லை. வெளியே வந்து, படிக்கட்டிலேயே நின்று, பதிவை அழித்தேன்.

மறுநாள் மாலை நானும் பீட்டரும் மோகன் அண்ணாவும் சாங்வியில் உட்கார்ந்து பேசினோம். மேசையில் நடக்காதது நடக்கவில்லை. ஆகவே கேப்டன் முருகேசன் உயிரோடு தளத்தில் இருக்கிறார், தன் திட்டத்தோடு. வரும் ஞாயிறு மூன்று மணிக்கு அந்தக் காட்சியை அவர் சொன்னபடியே ஆடுகிறோம். யார் அவருக்காகப் பகடை உருட்டுவது என்று சண்டை வந்தது.

“யாரும் உருட்ட வேணாம்,” என்றான் பீட்டர். “அவரு பிளான் போட்டாச்சு. நம்ம வேல அத நடத்துறது. உருட்ட வேண்டியது மத்தவங்க.”

“அப்புறம் கேப்டன் என்ன ஆவாரு?” என்றேன்.

“ஒப்பந்தம் முடிஞ்சா எல்லாரும் எங்க போவாங்க? வீட்டுக்குப் போவாரு,” என்றார் மோகன் அண்ணா.

பாபியிடம் போனில் சொன்னேன். ஆபீஸ் சாவி தன்னிடம்தான் இருக்கிறது, தானே வந்து திறக்கிறேன் என்றார். “எனக்கு ஆடத் தெரியாது. ஒரு ஓரமா உக்காந்து பாக்குறேன்.”

பாயிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது பெரிய பொருள் எதுவும் இல்லை. யாரையாவது அழகாகச் சாகடிக்க என் விரல் துடிக்கும்போது, நிறுத்தி, இவன் என்ன விரும்புவான், இவனோடு யார் வந்தார்கள் என்று கேட்கிற பழக்கம், அவ்வளவுதான். இந்த முறை கேட்காமல் விட்டேன். இனி விடக் கூடாது. அதோடு, கண்ணை மூடிக்கொண்டு ‘கேட்டுட்டுத்தான் இருக்கேன்’ என்று யாராவது சொன்னால், ஆட்டத்தை நிறுத்தி அவரை வீட்டில் கொண்டுபோய் விடுவது.

இப்போது உங்களிடம். நான் அழித்துவிட்டேன், ஆனால் நீங்கள் பகிர்ந்தது சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்தப் பதிவின் படத்தை எங்கே போட்டிருந்தாலும் எடுத்துவிடுங்கள், அதன் இடத்தில் இதைப் பகிருங்கள். வரைந்தவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை, வரைய வைத்தது நான். புனேயில் இருப்பவர்கள் ஞாயிறு மூன்று மணிக்கு போபோடி ஆபீஸுக்கு வாருங்கள். மற்றவர்கள் குரல் அறையில் சேருங்கள்.

வர முடியாதவர்கள் உங்கள் சிப்பாயின் பெயரை எழுதி, எந்தப் பத்தில் ஏறுகிறார் என்று கீழே எழுதுங்கள். கடைசியாக ஏறுகிற நாலு பேரில் ஒருவர் கேப்டன். மற்ற மூன்று இடத்துக்கு இன்னும் ஆள் இல்லை. எதிரி நெருங்கி வந்துகொண்டிருப்பான், உங்கள் பகடை சரியாக விழாமலும் போகலாம், யோசித்துச் சொல்லுங்கள். அவர்கூட நிற்பது யார் யார்? பாபி திரும்பக் கேட்கும்போது எனக்கு மூன்று பெயர் சொல்ல வேண்டும்.